காத்துப் பிடிச்ச குழாய்

பங்குனி. இரவு ஒரு மணி.
சுன்னாகத்தில் கரண்ட் நிண்டு முக்கால் மணித்தியாலம்.
பட்டறைக் கதவை அகலத் திறந்துவிட்டு
வாங்கிலில் வெறும்மேலோடு கிடக்கிறன்.
போன் அதிருது. நோர்வே இலக்கம்.

பதினொரு வருசம்.
என்ர வெல்டிங் செற்றை வித்த காசோட
கொழும்புக்கு ஒருக்காப் போட்டு வாறன் எண்டு போன நிமலேந்திரன்
"மச்சான், குளிருது" எண்டு தொடங்கிறான்.

படத்தில் முகமில்லை. மூச்சு மட்டும், புகையாய்.
பேந்து ஒரு கையுறை, ஒரு தகரச் சுவர்,
யன்னலின் உள்பக்கத்தில் பூத்திருக்கிற ஐஸ்.
வாடகை கட்டேலாமல் இழுவை வண்டிக்குள்ள குடியிருக்கிறானாம்,
காருக்குப் பின்னால கொளுவி இழுக்கிற ஒற்றை அறை.
வெளியில மைனஸ் பதினெட்டு.
"கொதிகலன் எரியுது மச்சான்.
கதவடியில குழாய் சுடுது.
கட்டில் பக்கம் பிணம்மாதிரிக் கிடக்கு."

ஏன் எனக்கு எடுத்தனி எண்டு நான் கேக்கேல்லை.
பம்மில போனை வை எண்டன்.

கண்ணை மூடினன்.
லொறி ரேடியேற்றர் முப்பது வருசம் கேட்ட காது.
பம் சுத்துது, அதில பிழையில்லை.
ஆனால் தண்ணிக்குள்ள ஆரோ வாய் கொப்பளிக்கிறான்.
"காத்துப் பிடிச்சிருக்கு. கடைசியா என்ன ஊத்தினாய்?"

சத்தமில்லை.

"குழாய்த் தண்ணி. கொஞ்சந்தான்."
"எவ்வளவு?"
"ரெண்டு போத்தில்."
விசரா, எண்டன்.
அந்த ரோசா நிறத் திரவம் என்ன, சர்பத்தே?
உறையாமல் இருக்கத்தானே அதை ஊத்தி வச்சிருக்கிறாங்கள்?
எங்கட கிணத்துத் தண்ணியா இருந்தா
இதுக்குள்ள சுண்ணாம்பு கட்டிச் சந்தோசமா இருந்திருக்கும்.

சிரிச்சான். பல் கிடுகிடுத்ததோ தெரியாது.

கோப்பையில தேத்தண்ணி ஊத்தி நிலத்தில வை எண்டன்.
வைச்சான். பார்த்தன்.
தேத்தண்ணி கட்டில் பக்கம் சரிஞ்சு நிண்டுது.
"வண்டியின்ர மூக்குத் தாழ்ந்து நிக்குது.
காத்துத் திறக்கிற திருகாணி மூக்கில.
காத்து மேலதான் ஏறும், உனக்காகக் கீழ இறங்காது.
போய் மூக்கை உயர்த்து."

போனைக் கட்டிலில போட்டிட்டு வெளியில போனான்.
நான் அவன்ர கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன்.
வண்டி ஒருக்கா முனகிச்சு. இன்னொருக்கா.
தலைமாட்டுத் தட்டில
ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர்,
பிடியில நீலப் பெயின்ற்.
என்ர பட்டறைச் சாமான் எல்லாத்துக்கும்
அந்த நீலம் நான்தான் அடிச்சனான்,
களவு போகாமல் இருக்க.

திரும்பி வந்தான். அந்த ஸ்பானரைத்தான் எடுத்தான்.

"அரைச் சுத்து. அதுக்கு மேல வேண்டாம்.
பழந்துணி பிடி."
உஸ்ஸ்...
நெடுநேரம்.
பதினொரு வருசத்தையும் அடைச்சு வச்சிருந்ததுபோல ஒரு உஸ்.
பேந்து விக்கல், எச்சில்,
பேந்து ரோசா நிறத்தில் ஒரு நூல்.
"பூட்டு!"

தாங்கியில மட்டம் இறங்கிப்போச்சு. நிரப்பச் சொன்னன்.
குடுவையின் அடியில் கிடந்த மிச்சம் சரியாக் காணும்.
திரும்ப ஒருக்காத் திறந்து பூட்டினான்.
பத்து நிமிசத்தால போனைக் கட்டிலடித் தகட்டில வைச்சு
"கேள்" எண்டான்.
ஒண்டும் கேக்கேல்லை.
நல்லா ஓடுற தண்ணிக்குச் சத்தமில்லை.

"நாளைக்கு இதைச் செய்" எண்டன்.
"முழுக்க வடிச்சு விடு.
திரவம் பாதி, காச்சி வடிச்ச தண்ணி பாதி.
ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்து, நினைவில்லாட்டி சுவரில எழுது.
ரெண்டு கோட்டுக்கும் நடுவில மட்டம் நிக்கவேணும்.
வண்டியை எங்க நிப்பாட்டினாலும்
முதல் தேத்தண்ணி நிலத்துக்கு."

"மச்சான், அந்தக் காசு..."
"பம் மூண்டில ஓடுது. ரெண்டுக்குக் குறை.
பற்றரி இறங்கும்."

குறைச்சான்.
ஐஸ் யன்னலில் ஒரு துளி இறங்கத் தொடங்கினதைக் காட்டினான்.
நான் நெத்தி வேர்வையைச் சாரத்தால துடைச்சன்.
ரெண்டுபேரும் கொஞ்சநேரம் கதைக்கேல்லை.

கரண்ட் வந்துது.
"ஆரப்பா இந்த நேரம்?" உள்ள இருந்து வதனி.
"ஒரு ரேடியேற்றர்" எண்டன்.

மேல விசிறி முனகுது, சுத்தேல்லை.
அதுக்கு ஒரு கெப்பாசிற்றர் மாத்தவேணும்,
ஆறு மாசமா வாங்கேல்லை.
விளக்குமாத்துத் தடியை எடுத்து
ஒரு இறகைத் தள்ளிவிட்டன்.